பிள்ளைகள் மனப்பாடம் செய்த ஐந்து கேள்விகள்

வெற்றியை இவ்வளவு விரும்பும் ஒருவரிடம் பிள்ளைகளின் தலையை நம்பி ஒப்படைக்கலாமா? அவரை அறிந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருந்ததில்லை. தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. ஊர் வைத்த பெயரும் லிஃப்ட்டுதான். மாலையில் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களின் கால்பந்து அணிக்குக் கோச். தோற்ற நாளில் வீட்டில் யாரோடும் பேசமாட்டார்.

கோச்சுகள் எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று சங்கம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

"சின்ன வயசுலேருந்து பந்து உதைக்கிறவனுக்கு வகுப்பாம்!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி விடவில்லை. "ஓடிக்கிட்டிருக்கிற லிஃப்ட்டோட கம்பிய மட்டும் எதுக்கு வருஷா வருஷம் சோதிக்கிறீங்க? போயிட்டு வாங்க."

அதுவரை தலையில் அடிபட்ட பிள்ளைக்கு அவருடைய வைத்தியம் ஒரு பாட்டில் தண்ணீரும் "எந்திரி, ஓடு" என்ற அதட்டலும்தான். வகுப்பிலிருந்து திரும்பியவர் அடிபட்டவளிடம் கேட்க ஐந்து கேள்விகளோடு வந்தார். இது எந்த மைதானம்? எத்தனையாவது பாதி? கடைசி கோல் யார் போட்டது? போன வாரம் யாரோடு ஆடினோம்? ஜெயித்தோமா? பதில் தடுமாறினால் ஆட்டக்காரி வெளியே.

மெக்கானிக் அல்லவா, வரிசை மாறாமல் ஒவ்வொரு பயிற்சியிலும் ஒத்திகை பார்த்தார். பெண்கள் அதைக் கைதட்டும் விளையாட்டாக்கிக்கொண்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சோதிக்கப்படுகிறவர்களுக்கே விடையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

ரயில்வே மைதானத்தில் இறுதி ஆட்டம். அவருடைய அணி ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. ஒன்றுக்கு ஒன்று, முடியச் சில நிமிடங்கள். கோல் காத்த பெண் பந்தின்மீது பாய்ந்தபோது எதிரணிக்காரியின் முழங்கால் அவள் நெற்றிப்பொட்டில் மோதியது. கோச் ஓடிப்போனார். தடுப்பாட்டக்காரி ஒருத்தி அதற்குள் தோழியின் கையுறையை இறுக்கிக்கொண்டே காதில் ஏதோ முணுமுணுத்திருந்தாள்.

ஐந்து கேள்விகள். ஐந்தும் சரி. ஆனால் கேள்வி முடியுமுன்பே பதில் வந்தது. திரும்பி நடக்கத் தொடங்கியவர் நின்றார். இந்த முறை வரிசையை மாற்றி, நான்காவது கேள்வியை முதலில் கேட்டார்.

"போன வாரம் யாரோட ஆடினோம்?"

"ரயில்வே மைதானம், சார்."

தடுப்பாட்டக்காரி சிரித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"வெளிய வா, கண்ணு."

"எனக்கு ஒண்ணுமில்ல சார்!"

கோட்டுக்கு வெளியே நின்ற, அடிபட்டவளுடைய அப்பா, டயர் கடைக்காரர், பாய்ந்து வந்தார். "யோவ் லிஃப்ட்டு! அஞ்சுக்கும் சரியாத்தானே சொன்னா? கப்பு கைக்கு வர்ற நேரத்துல உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"கத்துங்கண்ணே. கத்திக்கிட்டே வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆட்டம் பார்க்க வந்திருந்த தன் மனைவியைத் துணைக்கு அனுப்பினார். மாற்றுக் கோல்காவலாளி அன்று காய்ச்சலில் படுத்திருந்தாள். தடுப்பாட்டக்காரியே கையுறையை மாட்டிக்கொண்டாள். ஆட்டம் சமனாகவே முடிந்து பெனால்டிக்குப் போனது. எதிரணியின் கடைசி உதை அவள் முட்டியில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போனது. அழகான தடுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மைதானமே எழுந்து நின்று கத்தியது. கோச் கோப்பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஆடினார்.

வேனில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். "ஜெயிச்சுட்டோம்டி!"

மறுமுனையில் ஒரே கூச்சல். சற்று நேரத்தில் அடிபட்டவளே கூப்பிட்டாள். "ஏய், மேட்ச் என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டோம்டி!" மறுபடி அதே கூச்சல், அதே புது மகிழ்ச்சி. மூன்றாம் முறை அவள் கூப்பிட்டுக் கேட்டபோது கோச் மட்டும் சேர்ந்து கத்தவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவளுடைய அப்பாவும் மூன்று முறையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூளையில் அதிர்ச்சி என்றார் மருத்துவர். அதோடு இன்னொரு அடி பட்டிருந்தால் பிழைப்பதே கடினம் என்றும் சொன்னார். அவள் முழு ஓய்வெடுத்தாள், தேறினாள், மருத்துவர் அனுமதித்த பிறகு கோலுக்குத் திரும்பினாள். முதல் நாளே இரண்டு பந்துகளைப் பாய்ந்து பிடித்தாள்.

புதிய பருவத்தில் ஒவ்வோர் அணியும் தலைக் காயத்தைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டியிருந்தது. அடிபட்டவரை அவர் வெளியே அழைத்தால் கோச்கூட மறுக்க முடியாது. மருந்துக்கடை அனுபவம் உள்ள மனைவியைத்தான் சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கோச் டயர் கடைக்காரரைச் சொன்னார்.

"கிறுக்குன்னு உங்களத் திட்டின மனுஷன்தான் கிடைச்சாரா?" என்றாள் மனைவி.

"அவ மூணு தடவையும் கேட்டப்போ கட்டில் பக்கத்துல இருந்தவரு அவர்தான். நாளைக்குக் காலைல அவருக்கு வகுப்பு. நான்தான் வண்டில கொண்டுபோய் விடணும், சீக்கிரம் எழுப்பு" என்றார்.