அம்மா சுட்ட சூப்பு பணிஸ்

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்தச் சிறிய நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள், அம்மாவின் கையால் ஒருமுறையாவது ஏதாவது வாங்கிச் சாப்பிட்டவராகத்தான் இருப்பீர்கள். அம்மாவின் நல்ல குணங்களை எழுதி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி முடித்துவிடு என்றுதான் தம்பி சொன்னான். அப்படி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு நான் செய்த ஒரு தவற்றையும் இதில் எழுதியாக வேண்டும். எழுதினால் மனம் ஆறும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அம்மா பிறந்தது கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில். ஆறு பிள்ளைகளில் மூன்றாமவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தோட்டத் துரையின் பங்களா குசினியில் சட்டி கழுவ விட்டார்கள். துரையின் இராச் சாப்பாட்டுக்குச் சூப்போடு சின்னச் சின்ன ரொட்டி உருண்டைகளாகப் பணிஸ் சுட்டு வைப்பது அந்த வீட்டு வழக்கமாம். அங்கிருந்த சமையற்காரர் யாருக்கும் எதையும் சொல்லித் தரமாட்டார். ஈஸ்ட் கரைக்கும் நேரம் பார்த்து அம்மாவை விறகெடுக்க அனுப்பிவிடுவார். விறகோடு திரும்பி வரும்போது கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரண்டு வருடத்தில் அம்மா முழுவதையும் கற்றுக்கொண்டார். “அவரு மறைச்சாரு, மூக்க மறைக்க முடியுமா?” என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு கொழுந்து பறிக்கப் போனார். அப்பாவைக் கல்யாணம் முடித்தார். முதல்முறை அம்மா அந்தப் பணிஸைச் சுட்டு, கட்டச் சம்பலோடு தட்டில் வைத்தபோது அப்பா, “சூப்பு எங்க?” என்று கேட்டாராம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சூப்பு பணிஸ் என்று பெயர். சூப்பை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை.

அளவெல்லாம் பால் டின்னில்தான். நான்கு டின் கோதுமை மா, கால் டின் சீனி, ஒரு கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் மாஜரின், உப்பு. நேரத்துக்கு அம்மா மணிக்கூடு பார்த்ததே கிடையாது. காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் மாவைப் பிசைந்து துணி போட்டு மூடுவார். பகலில் பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிட வரும்போது, மாவை எடுத்து உருட்டிச் சட்டியில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல அடுக்குவார். அந்தி நிறுவை முடிந்து வந்து, மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுவார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அதே நேரம்தான். பென்ஷன் வாங்கிய பிறகும் அதே நேரம்தான். “பெரட்டுக்குப் பெசையணும், பகல் நிறுவைக்கு உருட்டணும், அந்தி நிறுவைக்குச் சுடணும்” என்று யார் கேட்டாலும் மந்திரம்போலச் சொல்வார்.

லயத்தில் ஒரு வீட்டில் இழவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா யாரும் சொல்லாமலே மா பிசைந்துவிடுவார். பிணத்தை அடக்கிவிட்டு வந்தவர்களுக்குப் பிளேன்டீயும் சூப்பு பணிஸும் அம்மாவின் பொறுப்பு. எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் அனுப்புவார். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு வந்து நின்றபடியே பிசைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொழுந்து பறித்த கூலியில்தான் என்னைப் படிக்கவைத்தார். நான் இன்று விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்ததற்கு இது தேவை.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மூச்சிழுப்பு அதிகமானது. குளிர் கூடாது, கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்திருங்கள் என்று டொக்டர் சொன்னார். என் கணவருக்கு நோட்டன் பிரிட்ஜில் வேலை. எங்கள் வீடு கந்தப்பளையைவிட எவ்வளவோ கீழே இருக்கிறது, கம்பளியே தேவைப்படாது. தம்பியும் அவன் மனைவியும் அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் நான் பிடிவாதம் பிடித்து அழைத்து வந்தேன். நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் சூடு என்பதற்காகத்தான் அழைத்து வந்தேன்.

வந்த இரண்டாம் வாரம் அம்மா பணிஸ் சுட்டார். அதிகாலையில் பிசைந்து மூடினார். பகலில் துணியை எடுத்துப் பார்த்தால் மா பொங்கி, அமுங்கி, தொளதொளவென்று கிடந்தது. கள்ளு வாடை வேறு. அதையும் எப்படியோ உருட்டி வைத்தார். அந்தியில் அது தட்டையாகப் பரவிவிட்டது. சுட்டு எடுத்ததும் புளிப்பு, கல்லுப்போல. என் கணவர், “டீயில தொட்டா நல்லாத்தான் இருக்கு அத்தை” என்று இரண்டு சாப்பிட்டார். அம்மா ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்த ஓவன்தான் காரணம் என்றார். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, விறகடுப்பில் சட்டியில் சுட்டார். அப்போதும் அப்படியே. மா பழசு என்றார், புது மா வாங்கினோம். ஈஸ்ட் சரியில்லை என்றார், வேறு டின் வாங்கினோம். நான்காவது முறையும் புளித்துப்போனபோது அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்னிடம் வந்தார். நான் தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“புள்ள, நீ படிச்சவதானே. என்னான்னு கொஞ்சம் வந்து பாரேன்.”

“அதுல என்னம்மா பாக்க இருக்கு? மாவ வீணாக்காதீங்க. கடையிலயே வாங்கிக்கலாம்.”

“இல்ல புள்ள, எங்கயோ தப்புப் பண்றேன். எங்கன்னுதான் தெரியல.”

“வயசாச்சும்மா. விடுங்க.”

அம்மா, “சரித்தான். கை போயிடுச்சு போல” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அதன்பிறகு அம்மா மா பிசையவே இல்லை. போனது பணிஸ் மட்டும் என்றால் தாங்கியிருப்பேன். குழம்புக்கு உப்புப் போடும்போது, “நீயே பாத்துப் போடு, எனக்குச் சரியா வராது” என்றார். தேங்காய் துருவக் கொடுத்தால் தயங்கினார். ஒருநாள் தன் சேலைக் கிழிசலைத் தைக்க என்னிடம் கொண்டுவந்தார். ஒரு லயத்துக்கே இழவுச் சாப்பாடு அனுப்பிய மனுசி, ஊசியில் நூல் கோர்க்கவே யோசித்தார். கந்தப்பளையிலிருந்து பெண்கள் போன் எடுத்து, தீபாவளிக்கு வந்து பணிஸ் சுடுங்கள் என்று கூப்பிட்டபோது, “என்னையக் கூப்பிடாதீங்கம்மா, எனக்குக் கை போயிடுச்சு” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். முதுமை என்று நான் எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எட்டு மாதம் இப்படியே கழிந்தது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் வைத்தோம். ஆறாம் நாள் போய்விட்டார்.

ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். பதினாறாம் நாள் கருமாதிப் படையலுக்குச் சூப்பு பணிஸ் வைக்கவேண்டும் என்று தம்பி மனைவி சொன்னாள். வேண்டாம், அம்மாவே விட்டுவிட்டார் என்றேன். அவள் கேட்கவில்லை. பெரட்டு நேரத்தில் பிசைந்தாள். பகலில் துணியை எடுத்தபோது மா உருண்டு திரண்டு நின்றது. அந்தியில் சட்டியைத் திறந்தாள். அம்மா சுட்டதேதான். அதே நிறம், அதே வாசனை.

“எப்படி வந்திச்சு?” என்று கேட்டேன்.

“அத்தை சொல்லிக்குடுத்தபடிதான் மதினி. ஒன்னும் மாத்தல.”

“அங்கயும் இதே மாதிரிதானே செஞ்சாங்க. ஒவ்வொரு தடவையும் புளிச்சுப் போச்சே.”

அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

“அங்கயும் பெரட்டுக்குப் பெசைஞ்சு பகல் நிறுவைக்கா உருட்டுனாங்க?”

“ஆமா.”

“ஐயோ மதினி, அது சூட்டு ஊராச்சே. இது நம்ம குளிருக்கு ஏத்த நேரம். அங்க ஒன்றரை மணித்தியாலத்துலயே மா எழும்பியிருக்கும். அதுக்கு மேல வச்சா புளிக்காம என்ன செய்யும்? கை போயிடுச்சுன்னு மட்டுந்தான் அத்தை போன்ல சொன்னாங்க. ஒருதரம் வெவரமாக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

ஈஸ்ட் சூட்டில் வேகமாக வேலை செய்யும், குளிரில் மெதுவாக. இதை நான் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைப் பாடமாக்க வைக்கிறேன். அம்மா என் முன்னால் வந்து நின்று கேட்ட அன்று என் மேசையில் கிடந்த தாள்களில்கூட அந்தக் கேள்வி இருந்தது. சரியாக எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டே, அம்மாவை வயசாச்சு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நோட்டன் பிரிட்ஜ் திரும்பியதும் அம்மா மிச்சம் வைத்திருந்த ஈஸ்டில் நான் பிசைந்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் உருட்டி, அரை மணித்தியாலம் விட்டு, அம்மா கோபித்துக்கொண்ட அதே ஓவனில் சுட்டேன். முதல் தடவையே சரியாக வந்தது. ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தேன். அன்று அழுத அழுகையை இங்கே எழுத எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் மொழி தெரியாமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சிங்களத் தாதிக்கும், கொட்டும் மழையில் நானுஓயா வழியாக அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த வேன்காரருக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த லயத்து வீடுகளுக்கும், தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. உள்ளதைச் சொன்ன தம்பி மனைவிக்கும் நன்றி. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வந்து கேட்ட அந்த நாள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்களில் பலரிடம் அம்மா தன் கை போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மையில்லை. கடைசி நாள்வரை அம்மாவின் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. அம்மாவைப் பற்றிப் பேச்சு வரும்போது இதைச் சொல்லுங்கள், கேட்காதவர்களுக்கும் சொல்லுங்கள். தெரிந்திருக்க வேண்டியவர் அம்மா ஒருவர்தான். அவர் தெரியாமலே போய்விட்டார்.