படுத்தால்தான் நோயாளி

அந்தச் சலவைக் கூடத்தில் அவளுக்குக் கறார் என்று பெயர். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரி இயந்திரத்துக்குக் கொடுக்கிற வேலை. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாக ஈர விரிப்பை இழுத்துப் பிடித்து, கொதிக்கும் உருளையின் வாயில் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கை தளர்ந்தாலும் துணி சுருண்டுவிடும். எதிர்முனைக்காரி எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சுருக்கத்தைக்கூட அவள் விட்டுவைத்ததில்லை. பெயர் அப்படி வந்ததுதான்.

மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுத்தெடுத்தார்கள்; அந்த நாட்களுக்கு மட்டும் லீவு கிடைத்தது. அதன்பின் கதிர்வீச்சு. தினமும் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய், மார்பில் மையால் போட்ட குறிகள் தெரிய, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆடாமல் படுக்க வேண்டும். அப்போது வலிக்காது. வலி பிறகு வரும். அக்குள் தோல் வெந்து உரியும். அசதி ஆளை அடியோடு சாய்க்கும். அந்த அக்குளோடு நேரே வந்து உருளைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பாள்.

லீவு கேட்காமல் இல்லை.

"அட்மிட் ஆனாத்தாம்மா மெடிக்கல் லீவு. ரூல் அப்படி" என்றார் மேலாளர். "நீங்கதான் நடந்து போய் நடந்து வர்றீங்களே?"

"தவழ்ந்து போனா குடுப்பீங்களா சார்?"

அவர் சிரித்தார். படுத்தால்தான் நோயாளி என்று விதி எழுதியவன் எந்த மருத்துவத்தைப் படித்தானோ. புற்றுநோய்க்கு அந்த விதி தெரியாது. நிற்கிறவளையும் அது தின்னும்.

வீட்டில் வேறு கூத்து. நாத்தனார் பார்க்க வந்து, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணீங்களோ அண்ணி..."

"பாவம் பண்ணவங்களுக்குத்தான் வரும்னா, எங்க மேலாளருக்கு இந்நேரம் உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் வந்திருக்கணுமேடி."

கணவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "ஆனாலும் வேலைய மட்டும் விட்டுடாத" என்றார். அந்த வீட்டில் மாதா மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

அவளுக்கும் ஒரு வீம்பு இருந்தது. 'ஐயோ பாவம்' என்ற சொல் காதில் விழக்கூடாது. அதற்காகவே முன்னைவிட விறைப்பாக நின்றாள். மேலாளர் அந்த வீம்பை மோப்பம் பிடித்துவிட்டார். ஒரு காலையில் எல்லோரையும் கூட்டினார்.

"பாருங்க, கேன்சர்! ரேடியேஷன் ஆரம்பிச்சு ஒரு நாள் லீவு போட்டாங்களா? இதுதான் வில் பவர். கை தட்டுங்க!"

தட்டினார்கள். லீவு தர மறுத்தவனே லீவு எடுக்காததற்குக் கை தட்டச் சொல்கிறான்! வாயைக் கட்டிப் போட்டுவிட்டு, என்ன அடக்கம் என்று மெச்சுகிற ரகம். அவளுக்கு அது உறைக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதுதான் கேவலம்.

அடுத்த வாரம் எதிர்முனைக்காரி மேலாளர் அறைக்குப் போய்த் திரும்பினாள். முகம் செத்திருந்தது. அவள் மகளுக்குக் கடும் காய்ச்சல்; வீட்டில் வேறு ஆளில்லை.

"என்னடி, விட்டாரா?"

"எப்படி விடுவாரு? 'கேன்சர் வந்தவங்களே நிக்கிறாங்க, உனக்கென்ன கேடு'ன்னு கேக்குறாரு. நீங்கதான் இருக்கீங்களே அக்கா, எங்களை அடிக்கறதுக்குன்னே ஒரு சாட்டை."

"நான் என்னடி பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. தினமும் வர்றீங்க. அவ்வளவுதான்."

கறாரின் கையிலிருந்த முனை நழுவியது. விரிப்பு கோணலாகச் சுருண்டது. அவள் அதை நீவவில்லை. இயந்திரத்தை நிறுத்தினாள். ஈர விரிப்புக் குவியலின்மேல் போய் உட்கார்ந்தாள்.

மேலாளர் ஓடி வந்தார். "என்னம்மா ஆச்சு? மயக்கமா?"

"மயக்கம் இப்பத்தான் தெளிஞ்சுது சார். எனக்கு உடம்பு முடியல. இவ பிள்ளைக்கும் முடியல. லீவு வேணும்."

"ஹோட்டல் வண்டி வந்து நிக்குது! யாராவது வந்து அந்த முனைய பிடிங்க!"

மடிப்பு மேசையில் ஒருத்திக்குத் திடீரென்று தோள் பிடித்துக்கொண்டது. இன்னொருத்திக்கு மணிக்கட்டு. மூன்றாமவள் சாக்குச் சொல்லும் சிரமமே எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு வில் பவர் பத்தாது சார்" என்றாள். கூடமே சிரித்தது. இப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

உருளை ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மேலாளர் எதிர்முனைக்காரியைப் பார்த்து, "போ, போய்த் தொலை. பிள்ளையப் பாரு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

"சரிம்மா. அவளுக்குக் குடுத்தாச்சு. இப்ப எழுந்திரிங்க."

"எனக்கு?"

"நான் மேல கேக்கணும்மா."

"கேளுங்க சார்" என்று கறார் காலை நீட்டிக்கொண்டாள். "நான் உக்காந்துதான் இருக்கேன்."