மரவள்ளிக்கிழங்குக்கு ஏழு மிதி

எழுத்தின் பெயரைச் சொல்லித் தருகிறவர்களுக்கு டீச்சர் என்று மரியாதை கிடைக்கும். எழுத்தின் சத்தத்தைச் சொல்லித் தருகிற என்னைப் போன்றவர்களுக்கு, 'இந்தம்மாவுக்கு என்ன ஆச்சு?' என்கிற பார்வைதான் கிடைக்கும். பாலர் வகுப்பில் மாட்டிக்கொண்டு தொண்டை கட்டிப்போன சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

சுனாமி முடிந்து சில வருஷங்களான சமயம். எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் காசிம் பாயின் மளிகைக் கடைக்கு மேலே, பலகைத் தரை போட்ட மாடியில் என் வகுப்பு நடந்தது. கீழே பருப்பு, மேலே படிப்பு. நடுவில் ஒரு பலகை மட்டும்தான்.

வீட்டில் திறக்கும் வாய்

தேன்மொழி என்று ஒரு பெண் குழந்தை. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் இருந்த குடும்பம். கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் கராச்சர்மாவுக்குக் குடிவந்தவர்கள். பெயரில் இருந்த மொழி வகுப்பில் வெளியே வரவே இல்லை. மிட்டாய் காட்டினேன், பொம்மை ஆட்டினேன், ஆடு மாதிரி கத்தினேன். என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டெலானிபூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு நேர்முகம் வைத்திருந்தார்கள். அங்கே வாய் திறக்காத பிள்ளைக்கு அந்த வருஷம் இடமில்லை. அவளுடைய அம்மாவுக்கு அந்தக் கவலை. அம்மாவைவிட எனக்கு அதிகக் கவலை. அம்மா சொன்னார்: "வீட்டுல கொஞ்ச நேரம் சும்மா இருடின்னு நான் கும்பிடுறேன் டீச்சர், இங்க படியேறினா யாரு வந்து பூட்டுப் போடுறாங்கன்னு தெரியல."

ஒரு வாரம் ஸ்ஸ்ஸ்

ஆங்கிலத்தில் முதலில் எடுத்துக்கொண்டது 'ஸ்' சத்தம். ஒரு வாரம் முழுக்க, தேன்மொழியைத் தவிர எல்லோரும் பல்லைச் சேர்த்து 'ஸ்ஸ்ஸ்' என்றோம். பிள்ளைகள் வீட்டிலும் விடவில்லை. சாப்பிடும்போது ஸ்ஸ்ஸ், குளிக்கும்போது ஸ்ஸ்ஸ். ஒரு தாத்தா கம்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் பாம்பு தேடியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஓர் அப்பா மாடியேறி வந்தார். ஏ, பி, சி, டி எப்போது வரும் என்று கேட்டார். எழுத்தின் பெயரைவிடச் சத்தம்தான் முதலில் என்று நான் பொறுமையாக, கையெல்லாம் ஆட்டி விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்படிப் பாத்தா டீச்சர், எங்க வீட்டு குக்கருதான் வகுப்புல ஃபர்ஸ்ட்டு வரணும்."

'ம' கொண்டு வா

வார்த்தை வளர வேண்டுமென்றால் கையில் பொருள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. 'ம' சத்தத்தில் தொடங்கும் ஏதாவது ஒன்றை நாளைக்கு வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள் என்றேன். மாங்காய் வந்தது. மிளகாய் வந்து, அதைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்த நாலு பேரின் அழுகையும் வந்தது. காசிம் பாயின் மகன் ரஃபீக், கீழே கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த தன் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

பதில் சரி. நான் என்ன சொல்ல முடியும்? மாமா குட்டி பெஞ்சில், முழங்கால் தாடையில் முட்ட, மாங்காய்க்கும் மிளகாய்க்கும் நடுவே உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அவரைத் தொட்டு 'ம்ம்ம்' என்றார்கள்; தேன்மொழி தொட்டதோடு சரி. மணியடித்ததும் மெதுவாகக் கேட்டார்: "நான் போகலாமா டீச்சர், இல்ல அடுத்த எழுத்துக்கும் இருக்கணுமா?"

படத்தில் ரயில்

படஅட்டைகள் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து ஜெட்டியில் இறங்கியவை. எங்கள் தீவில் இல்லாததெல்லாம் அவற்றில் இருந்தது. ரயிலைத் தூக்கிக் காட்டினேன். ரயிலையே பார்த்திராத பிள்ளைகள், பஸ்கள் ஏன் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகின்றன என்று கவலைப்பட்டார்கள். தண்டவாளம், நிலையம், கூவும் சத்தம் எல்லாவற்றையும் நானே நடித்துக் காட்டினேன். வகுப்பைச் சுற்றி ஓடியதில் மூச்சு வாங்கியது.

எல்லாம் புரிந்ததா என்றேன். புரிந்தது என்றார்கள். ரஃபீக்குக்கு மட்டும் ஒரு சந்தேகம். "இது எந்த ஜெட்டிக்கு வரும் டீச்சர்?"

தரை ஆடியது

வார்த்தையைத் துண்டு துண்டாக உடைத்து, துண்டுக்கு ஒரு மிதி மிதிக்க வேண்டும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. 'கப்-பல்' இரண்டு மிதி. 'பப்-பா-ளி' மூன்று. உற்சாகம் தலைக்கேறி 'ம-ர-வள்-ளிக்-கி-ழங்-கு' என்றேன். அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக, ஏழு மிதி.

சுனாமிக்குப் பிறகு இந்த ஊரில் டம்ளர் தண்ணீர் நடுங்கினாலே ஜனம் தெருவில் நிற்கும். கீழே கடையில் தராசு ஆடியிருக்கிறது. அலமாரியிலிருந்து சோப்புகள் விழுந்திருக்கின்றன. ஒரு பெங்காலி வாடிக்கையாளர் "பூகம்ப்! பாகோ!" என்று கத்த, மொத்தக் கடையும் மேட்டுப்பக்கம் ஓடியது. ஜன்னல் வழியே அதைப் பார்த்துத் தேன்மொழி சிரித்தாள். அவளிடமிருந்து நான் கேட்ட முதல் சத்தம் அது. அன்றிலிருந்து எந்த வார்த்தை சொன்னாலும் வாயைத் திறக்காமல் காலால் சரியாக மிதித்துக் காட்டினாள். காலில் இருப்பது ஒருநாள் வாய்க்கு ஏறும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

பாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே சின்ன வார்த்தையா சொல்லிக் குடுங்க டீச்சரம்மா."

டெலானிபூர் நேர்முகம்

நேர்முகத்துக்கு நானும் கூடப் போனேன். அதுவும் மாடி, அதுவும் பலகைத் தரை. தலைமையாசிரியை பப்பாளிப் படத்தைக் காட்டி, இது என்ன என்றார். தேன்மொழி என்னைப் பார்த்தாள். அம்மா என் கையை நெரித்தார். வாய் அசையவில்லை. பிறகு, புது ஷூ போட்ட காலைத் தூக்கித் தன் பலமெல்லாம் சேர்த்து மூன்று மிதி மிதித்தாள்.

மேஜைமேல் இருந்த டம்ளர் குதித்தது. பக்கத்து அறை குமாஸ்தா படியில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை எழுந்து பாதி வாசலைத் தாண்டிவிட்டார். அப்போது பின்னாலிருந்து, தெளிவாக, கொஞ்சம் அதட்டலாக ஒரு குரல்: "பயப்படாதீங்க மிஸ், அது பப்பாளிதான்."

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. காட்டாத படத்துக்கெல்லாம் பெயர் சொன்னாள், மிதித்தும் காட்டினாள். அம்மா அழுதார். தலைமையாசிரியை டம்ளரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சொன்னார்: "சேத்துக்கறோம்மா, ஆனா கீழ்த்தளத்து வகுப்புலதான்."

ஆக, எங்கள் தீவில் ஒரு பிள்ளையைப் பேச வைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை, பெரியவர்கள் நாலு பேர் தெருவுக்கு ஓடத் தயாராக இருந்தால் போதும்.