மூணாந்தூண்காரர் படித்த கை

பங்குச் சந்தைக் கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பலகை!" அவ்வளவுதான். கீழே நூறு தரகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மேலே சுவரை ஒட்டிய மேடையில், காதில் தொலைபேசியை மாட்டிக்கொண்டு, கேட்கக் கேட்க விலையைச் சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பாள். திரும்பிப் பார்க்க நேரம் ஏது? ஒரு விலை தவறினால் தோலை உரித்துவிடுவார்கள்.

கரும்பலகைக்கும் முந்தின காலத்தில் இயந்திரம் கக்குகிற காகித நாடாவை இழுத்து இழுத்து விலை படித்தார்களாம். பலகை வந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்க்கலாம். பழைய விலையை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழேயே புதுசை எழுதுவாள். ஏறியதா இறங்கியதா என்று வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மூன்றாவது தூணில் சாய்ந்து நிற்கிற தரகர் மட்டும் வேறு மாதிரி. ஒருநாள் கூச்சல் கொஞ்சம் அடங்கியிருந்த நேரத்தில் பக்கத்து ஆளிடம் அவர் சொன்னது மேடைவரை கேட்டுவிட்டது. "விலைய விடுய்யா, அந்தக் கையப் பாரு. அடிச்சுப் பிடிச்சு வாங்குறாங்கன்னா சாக்பீஸ் படபடன்னு விழும். சீந்த ஆளில்லாத பங்குன்னா இழுத்து இழுத்து எழுதும். கை பொய் சொல்லாதுய்யா."

அடேயப்பா! இருபத்து மூணு வயசில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும்? அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு பதினோரு வருஷம் அவர் பார்க்கிறார் என்பதற்காகவே எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில் மாடிக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்து நின்று அவரைப் பார்ப்பாள். அம்மா கொண்டுவந்த மூன்று சம்பந்தத்தையும் தட்டிக் கழித்தாள்.

"மனசுல யாரையாவது வச்சிருக்கியாடி? சொல்லித் தொலையேன்!" என்றாள் அம்மா.

என்னத்தைச் சொல்வது? அவரே ஒருநாள் படியேறி வந்து பேசுவார் என்று ஏங்கிக் கிடந்தாள், பைத்தியக்காரி.

பிறகு மின்விளக்குப் பலகை வந்தது. பழைய விலை மறைந்துபோய், புதுசு மட்டும் ஒளிரும். ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அவளை மாடிக் கண்ணாடி அறையில் கணினி முன்னால் உட்காரவைத்தார்கள். தூசி இல்லை, தோள்வலி இல்லை. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலைதான். அதோடு, நாள் முழுக்க மூன்றாவது தூண் கண்ணில் படும்.

பார்த்தால், மனுஷன் தடுமாறுகிறார். விழுகிற பங்கை "வாங்கு, வாங்கு" என்கிறார். "அண்ணனுக்கு மூளை குழம்பிப்போச்சுடா!" என்று கூடமே சிரித்தது. அவளுடைய சொந்த அண்ணனும் கடைக்குப் போனால் பச்சைத் தக்காளியைப் பழமென்று அள்ளிக்கொண்டு வருகிறவன்தான். அவருக்கும் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டது.

பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரிடம் போனாள். "விலைக்கு முன்னாடி அம்புக்குறி போடுங்க சார். ஏறினா மேல, இறங்கினா கீழ."

"எதுக்கும்மா? அதான் கலர் இருக்கே?"

"தூரத்துல நிக்கிறவங்களுக்கு வசதியா இருக்கும் சார்." தூண்காரரின் குறையைப் பற்றி அவள் மூச்சுவிடவில்லை. ஒரு வாரம் நச்சரித்துத்தான் சாதித்தாள்.

அம்புக்குறி வந்த அன்றே தூண்காரர் மாடிப்படி ஏறிக் கண்ணாடி அறைக்கு வந்தார். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். அவரோ நேரே போய், அங்கிருந்த பொறியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "மகராசனா இருக்கணும் தம்பி! என் பொழப்பக் காப்பாத்திட்டீங்க."

"யோசனை என்னுது இல்ல சார், இவங்களுது."

திரும்பினார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். பார்த்துக்கொண்டே சிரித்தார்.

"ரொம்ப நன்றிம்மா. நீங்க இங்க புதுசா சேர்ந்திருக்கீங்களா?"

பாவம், அவர்மேல் என்ன தப்பு? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகும் ஒரு கையும்தானே! அந்தக் கை என்னுதுதான் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். சொல்லி, அவர் "ஓ, அப்படியா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டால்?

"ஆமா சார்," என்றாள். "இப்பத்தான்."