மிஷின் நின்றால் உப்பு

அந்தத் தகரச் சுவர் அறைகளின் வரிசையில் மிஷின் அக்காவின் தையல் மிஷின் ஓடும்வரை எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நின்றால்தான் வம்பு. ஏதோ ஓர் அறையில் ஆணின் குரல் ஏறுகிறது, அக்கா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று பொருள். அடுத்து, காலிக் கிண்ணத்தோடு போய் அந்தக் கதவைத் தட்டுவாள். "கொஞ்சம் உப்பு குடும்மா." பின்னாலேயே மற்றப் பெண்களும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். வாசலில் அத்தனை பேர் உப்புக்கு நிற்கும்போது கை ஓங்க எந்தச் சூரனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். உப்பு ஒருவனைத் திருத்திவிடும் என்றெல்லாம் அக்கா நம்பவில்லை. ஓங்கிய கை இறங்கினால் சரி.

கடைசி அறை பெயின்டரிடம் இது பலிக்கவில்லை. அவன் குரல் எழுப்பாமலே அடிக்கப் பழகிக்கொண்டான். அவன் மனைவியைக் கேட்டால், "குழாயடியில வழுக்கிட்டேன்க்கா" என்பாள். குழாயில் சொட்டுத் தண்ணீர் வராத நாளிலும் வழுக்கினாள். அவள் வாய் திறக்காமல் மேற்கொண்டு என்ன செய்வது? அக்காவுக்கு அதுதான் உறுத்தல்.

ஒரு மத்தியானம் தலையணை உறை தைக்கையில் மிஷின் பெல்ட் அறுந்தது. அக்கா மிஷினுக்கு அடியில் தலையை விட்டு அதை உருவி எடுப்பதற்குள், சத்தம் நின்றதைக் கேட்டுப் படை கிளம்பிவிட்டது. எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. நேரே கடைசி அறைதான்.

"நில்லுங்கடி! ஒண்ணுமில்ல, பெல்ட்டுதான்டீ!" அறுந்த பெல்ட்டை ஆட்டிக்கொண்டு அக்கா பின்னாலேயே ஓடினாள்.

பெயின்டர் தரையில் உட்கார்ந்து காலில் ஒட்டிய பெயின்ட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் வாசல் நிறையக் கிண்ணங்கள். அவற்றை விலக்கிக்கொண்டு, மூச்சிரைக்க, கையில் பெல்ட்டோடு அக்கா.

"ஐயோ அக்கா! இன்னிக்கு நான் அவளைத் தொடவே இல்லையே!"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஆமாக்கா, இன்னிக்கு இல்ல. நேத்துதான்."

"குழாயடியில வழுக்கினேன்னு சொன்னியேடி?" என்றாள் கிண்ணக்காரி ஒருத்தி.

"குழாயில தண்ணி எப்போக்கா வந்துச்சு?"

பெயின்டர் எழுந்தான். கிண்ணங்களைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான்.

அவள் மாற்றுத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்து, உப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "இன்னிக்கு உங்க வீட்லதான்க்கா படுக்கப்போறேன். காலையில போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட வருவீங்களா?"

"எல்லாருமே வருவோம்" என்றாள் அக்கா. "முதல்ல இந்தப் பெல்ட்டை மாட்ட ஒரு கை பிடி."