நாட்டுச் சர்க்கரை ஊற்றிய சம்பந்தி

தேன்பெட்டிக்குள் கரைசல் வைக்கும் கொட்டாங்குச்சியின் அடியில் தேங்கியிருந்த அந்தப் பழுப்பு நிறத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின் செங்கல்பட்டில் மகன் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு, உத்திரமேரூர் திரும்பிய அன்று நேரே தேன்பெட்டிகளிடம்தான் போனேன். மொத்தம் ஏழு பெட்டி. வாசல் பலகைகளில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகோடாகக் கழிச்சல். ஈரமண்ணில் செத்த தேனீக்கள். குனியக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். குனிந்துதான் எண்ணினேன். முதல் பெட்டிக்குக் கீழே மட்டும் இருநூற்றுப் பதினாறு.

பெட்டிகளை என் மகளின் மாமனாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தேன். சாலவாக்கத்துக்காரர், சொன்ன நேரத்துக்கு வருகிறவர். ஐப்பசி மழையில் பூ கிடைக்காது. சர்க்கரைக் கரைசல் வைக்காவிட்டால் தேனீ பட்டினிதான். அதற்காக மூன்று பொட்டலம் வெள்ளைச் சர்க்கரை வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் வைத்துப் பார்த்திருந்தேன். வண்டல் இல்லை, வாடை இல்லை. ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர், தண்ணீரைச் சுடவைத்து இறக்கியபின் கரைக்க வேண்டும், சர்க்கரையைக் காய்ச்சிச் சிவக்கவிடக் கூடாது, தேனீ மூழ்காமல் உட்காரக் குச்சி போட வேண்டும் என்று பதினோரு குறிப்பு எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் மூன்று பொட்டலமும் கட்டி வைத்தபடியே அலமாரியில் இருந்தன.

"இன்னா ஊத்துனீங்க சம்மந்தி?"

"நாட்டுச் சக்கரைதான். சுத்தமானது, எங்க வூட்டுக்கு வாங்கறது."

"வெள்ளை வெச்சிட்டுப் போனேனே?"

"உங்களுக்குச் சக்கரை வியாதி கீது. அந்த வெள்ளைய நீங்க ஒரு ஸ்பூன் தொடமாட்டீங்க. வாயில்லாத பூச்சிக்கு மட்டும் குடுப்பீங்களா? படிச்சவரு பண்ற வேலையா இது?"

செல்போனில் நாலு வீடியோ பார்த்தவர்களுக்கெல்லாம் வெள்ளைச் சர்க்கரை விஷம். மனிதனுக்கு இருக்கட்டும், தேனீயின் வயிறு வேறு. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உள்ள கசடு அதற்குச் செரிக்காது. வெயில் நாளில் பறந்துபோய்க் கழித்துவிட்டு வரும். அடைமழையில் எங்கே போகும்? பெட்டிக்குள்ளேயே கழிந்து, அதிலேயே புரண்டு சாகும். நாம் சத்து என்று கொண்டாடுவது அதற்குப் பேதி மருந்து. இதை அவரிடம் கத்தித்தான் சொன்னேன். அவரோடு வந்திருந்த மகள் அழுதாள். என் மனைவியோ கதவருகே போய்ப் பட்டியலைப் படித்துவிட்டு, "பதினொண்ணுல ஒண்ணுலயாவது நாட்டுச் சக்கரை வேணாம்னு எழுதிகீறீங்களா?" என்றாள். மண்ணெண்ணெய் ஊற்றாதே என்றுகூடத்தான் நான் எழுதவில்லை!

நாலு பெட்டி போயிற்று. பலகைகளைத் துடைத்து, வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து வைத்து, மீதி மூன்றைக் காப்பாற்றினேன். பதினோரு மாதம் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஐப்பசியில் முட்டி வீங்கிப் படுத்துவிட்டேன். நான் கூப்பிடவில்லை; அவரே டவுன் பஸ் பிடித்து வந்து நின்றார். வேறு வழியில்லாமல் வெள்ளைச் சர்க்கரைப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஐந்து பெட்டி இருக்கின்றன, நானே கரைத்து ஊற்றுகிறேன். ஆனால் அன்று அவர் ஊற்றிய விதம் மறக்கவில்லை. அளவு சரி, குச்சியும் சரி. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து கிசுகிசுத்தார்: "மன்னிச்சிக்கோங்கம்மா. இவுரு சொல்றாரு, நான் ஊத்தறேன்."

சாகடித்த நாலு பெட்டிக்கு அவர் கடைசிவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்ட மன்னிப்பு மூன்றும் வெள்ளைச் சர்க்கரைக்கு!