அம்மனிடம் கேட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அம்மன்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேர்ந்தெடுத்தவள் நான். அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன்.

வீடு மானாம்பதியில். அப்பாவுக்கு உத்திரமேரூரில் உரக்கடை. அந்த வருஷம் நெல் நல்ல விலைக்குப் போனதால் பிள்ளைகள் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவானது. படிப்பு என்பது அப்பாவுக்குச் சொன்ன காரணம். எனக்கும் அண்ணனுக்கும் வேண்டியிருந்தது கார் ரேஸ். காஞ்சிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போய் அண்ணன் என்னை அரை மணி நேரம் விளையாட விட்டிருந்தான். அதிலிருந்து தூக்கத்தில்கூட நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருந்தான். 'சும்மா' என்ற சொல்லை அப்பா அவனுக்காகவே எடுத்து வைத்திருந்தார். கடையில் ரெடியாக இருப்பதை வாங்க வேண்டாம், மெட்ராஸிலிருந்து ஒவ்வொரு பாகமாக வாங்கிவந்து நானே பூட்டுகிறேன் என்றான் அண்ணன். ஒரு பழைய டைரியில் மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருந்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ரேஸ் ஓடாது. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "பாடத்துல வர்ற படம்லாம் தெளிவா தெரியும் நைனா" என்று மழுப்பினான்.

"கடையில வாங்குனா வாரண்டி கீது. நீ பூட்டுனா யார்ரா வாரண்டி?" என்றார் அப்பா.

"நான்தான்."

"ஒனக்கு யாரு வாரண்டி?"

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஆனாலும் அப்பா ஒரேயடியாக மறுக்கவில்லை. நீ பூட்டி அது நல்லபடியாக ஓடினால் உரக்கடைக்குப் பக்கத்து ரூமை ஒழித்துத் தருகிறேன், கம்ப்யூட்டர் கடை போட்டுக்கொள், இல்லையென்றால் பேசாமல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதாவது கம்பெனியில் போய்ச் சேர் என்றார். ஆக, அவன் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. இதெல்லாம் என் காதில் விழத்தான் செய்தது. விழுந்து என்ன பயன்?

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தெனம் சோத்து முன்னாடி உக்காந்துகினு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? அம்மன் கோயில்ல பூ போட்டுக் கேட்டுரலாம்" என்றாள். கல்யாணம் பேசுவது, போர் போடுவது, மாடு விற்பது எல்லாமே எங்கள் பக்கம் அப்படித்தான். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எந்தப் பூ வருகிறதோ அதுதான் அம்மன் வாக்கு, அதற்குமேல் அப்பீல் கிடையாது. இந்த முறை அந்தச் சின்னப் பிள்ளை நான்.

இதற்கு நடுவில், கூடப் படித்தவள் வீட்டில் புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டரைப் பார்த்துத் தொலைத்தேன். பெரிய அட்டைப்பெட்டி, தெர்மகோல், பளபளவென்று ஸ்டிக்கர், இலவசமாக இரண்டு ஸ்பீக்கர். "அசெம்பிள்னா ஓட்ட ஒடசல சேத்துப் பூட்றதுடி" என்றாள் அவள். அண்ணனோ, பாகமெல்லாம் வந்து சேர ஒரு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தான். முழுப்பரீட்சை லீவே தீர்ந்துவிடும். கடைப் பெட்டி அடுத்த வாரமே வீட்டுக்கு வந்துவிடும். ரேஸ் எந்தப் பெட்டியிலும் ஓடும், இவன் சும்மா அளக்கிறான் என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். செவ்வரளி வந்தால் அண்ணன் பூட்டுவது, நந்தியாவட்டை வந்தால் கடையில் வாங்குவது. பூசாரி பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு பூவையும் மடித்தார். நந்தியாவட்டை போன துண்டின் ஓரத்தில் பச்சை மை இருந்தது. அதை நான் பார்த்துவிட்டேன். தட்டில் குலுக்கிப் போட்டுவிட்டு, "எடும்மா. புள்ள கை பொய் சொல்லாது" என்றார் பூசாரி. கண்ணை மூடினேன். முழுசாக மூடவில்லை. பச்சை ஓரத்தை எடுத்தேன்.

வெள்ளைப் பூவைப் பார்த்ததும் அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அண்ணன் மற்றப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்தான். செவ்வரளியைக் கண்ணில் ஒற்றி டைரிக்குள் வைத்துக்கொண்டான்.

கடைப் பெட்டி வந்தது. ரேஸ் ஓடவில்லை. திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி வந்து அப்படியே நின்றது. கார்டு ஒன்று வாங்கி உள்ளே போட்டால் ஓடும்தான். ஆனால் பின்பக்கம் வாரண்டி சீல் ஒட்டியிருந்தது, அப்பா யாரையும் தொட விடவில்லை. லீவு முழுக்க நான் அதில் சீட்டு விளையாடினேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அண்ணன் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டான். ஷிப்ட் முடியும்வரை ஒரே இடத்தில் நின்று ஒரே திருகைத் திருகும் வேலை.

போன வருஷம் அவன் மகன், ரெடிமேடு வேண்டாம், கேமிங் கம்ப்யூட்டரை நானே பூட்டுகிறேன் என்று வந்து நின்றான். அண்ணன் சிரித்தான். "நீ பண்ணுடா. என் கைக்குத்தான் அது இல்லன்னு அம்மனே சொல்லிட்டா" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மை வாய்வரை வந்தது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து எந்த முகத்தோடு சொல்வது?

பூ எடுத்த அன்றைக்குக் கோயிலிலிருந்து அவன்தான் என்னைச் சைக்கிளில் அழைத்துவந்தான். ஏரிக்கரை மேட்டில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அழுவாத. நீ இன்னா பண்ணுவ, அம்மன் குடுத்தத எடுத்த. ரேஸு ஓடற மாரி நான் எதுனா பண்ணிக் குடுக்கறேன்" என்றான். பின்னால் உட்கார்ந்திருந்த நான், ஸ்பீக்கரை மேசையில் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அழாதவளிடம் எதற்கு அழாதே என்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.